மலையேறும் பழைய வண்டியின் பெட்ரோல் கோளாறுகள்

கம்பம் பள்ளத்தாக்கின் கிராமங்களுக்கும் மேற்கு மலைமீதுள்ள ஏலத்தோட்டங்களுக்கும் உள்ள தொடர்பு மிக நெருங்கியது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாகவும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும், கூடலூர்ப் பக்கத்திலிருந்து குமுளி வழியாகவும் காலையில் ஜீப்புகள் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு மேலே செல்கின்றன, மாலையில் இறங்குகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை இக்காலத்தில் டீசல் வண்டிகள். டீசல் எஞ்சினுக்குக் கார்புரேட்டர் என்பதே கிடையாது. ஆகையால் இப்பாடம் அவற்றைப் பற்றியதன்று. ஆனால் பழைய பெட்ரோல் ஜீப், அம்பாஸிடர், பிரிமியர் பத்மினி முதலிய வண்டிகளை இன்னும் கைவிடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கே இது பெரிதும் பயன்படும்.

வில்லிஸ் ஜீப் 1941 முதல் 1945 வரை யுத்தத்திற்காக அமெரிக்காவில் ஏராளமாகச் செய்யப்பட்டது. யுத்தம் முடிந்தபின் மஹீந்திரா கம்பெனியார் 1947இல் அதனை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, பிறகு இங்கேயே பூட்டவும் செய்யவும் தொடங்கினர். அம்பாஸிடர் வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரையில் செய்யப்பட்டது. இவ்வண்டிகளின் யந்திரம் எளிது; கிராமப் பட்டறையிலேயே பழுது பார்க்கத்தக்கது. எனினும் இவற்றின் சொந்தக்காரர் வீண் செலவு செய்வது பெரும்பாலும் ஒரே விஷயத்தில்தான். வண்டி மலையில் நின்றுவிட்டால் உடனே கார்புரேட்டரைக் குறை கூறுவதும், அதைக் கழற்றுவதும், சரியாகாவிடில் புதிதொன்று வாங்குவதும் வழக்கமாகிவிட்டன. நகையை அடகு வைத்து வாங்கிய புதுக் கார்புரேட்டரோடும் வண்டி அதே வளைவில் அதே நேரத்தில் நிற்குமானால், குற்றம் வேறிடத்தில் இருந்தது என்பது அப்போதுதான் தெரியவரும். கார்புரேட்டரின் பேரில் சாட்டப்படும் குறைகளிற் பல அதற்கு முன்னாலேயே உண்டாகின்றன.

இதைக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு விளக்குவது கடினமன்று. 1895இல் பெரியாற்று அணை முடிந்தது முதல் இங்கே மதகும் வாய்க்காலும் எல்லோருக்கும் தெரிந்தவை. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் எவரும் வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. மண்வெட்டியுடன் வாய்க்கால் வழியே தலைமடையை நோக்கி நடந்து, எங்கே அடைப்பு, எங்கே உடைப்பு என்று பார்க்கின்றனர். பெட்ரோலும் இவ்வாறே டாங்கியிலிருந்து குழாய், வடிகட்டி, பம்பு என்ற வழியே வந்து, கடைசியில் கார்புரேட்டரை அடைகின்றது. கார்புரேட்டர் கடைமடை. அங்கே வறட்சி கண்டால் மேலே நடந்து பார்க்க வேண்டும்.

கார்புரேட்டரின் வேலையையும் சுருக்கமாக அறிந்துகொள்ள வேண்டும். பம்பு அனுப்பும் பெட்ரோல் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் நிற்கின்றது. அதிலுள்ள மிதவை, பெட்ரோல் உயர்ந்ததும் தானும் உயர்ந்து ஓர் ஊசியைத் தள்ளி வாயிலை அடைக்கும். மட்டம் தாழ்ந்ததும் திறக்கும். எஞ்சின் இழுக்கும் காற்று குறுகிய கழுத்தொன்றின் வழியே விரைந்து செல்கையில், அவ்விடத்தில் அழுத்தம் குறைந்து, ஜெட் என்னும் நுண்ணிய துளையினின்று பெட்ரோலை உறிஞ்சித் தூளாக்கிக் கலக்கின்றது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் இதற்குக் குறைந்தால் கலவை வறளும், மிகுந்தால் கொழுக்கும். கோளாறுகளெல்லாம் இவ்விரண்டில் ஒன்றாகவே முடிகின்றன.

வறட்சிக்கும் கொழுப்பிற்கும் அடையாளங்கள் வேறு. வறண்ட கலவையுள்ள வண்டி ஏற்றத்தில் திக்கித் திக்கி இழுக்கும்; கார்புரேட்டரின் வாய்வழியே தும்மும்; பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெளுத்திருக்கும். கொழுத்த கலவையுள்ள வண்டி கரும்புகை விடும். பெட்ரோல் நாற்றம் வீசும். பிளக்கின் முனையில் கரி உலர்ந்த தூளாகப் படிந்திருக்கும். ஐயமிருந்தால் காசில்லாத பரீக்ஷை ஒன்று உண்டு. வண்டி திக்கும்போது சோக்கைச் சிறிது இழுத்துப் பார்க்க வேண்டும். அதனால் ஓட்டம் சீர்ப்பட்டால் கலவை வறண்டது. இன்னும் மோசமானால் கொழுத்தது. இந்த ஒரு பரீக்ஷையைச் செய்யாமல் கார்புரேட்டரில் ஸ்பானரை வைப்பது, நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பது போன்றதே.

எந்த வேகத்தில் குறை தோன்றுகின்றது என்பதையும் கவனிக்க வேண்டும். வண்டி ஓடும்போது நன்றாயிருந்து, நிறுத்தத்தில் மட்டும் அணைந்து போனால், மெதுவோட்டத்திற்கான சிறு ஜெட் அடைபட்டிருக்கலாம். அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள பாக்கிங் வழியே கள்ளக் காற்று நுழையலாம். எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அந்த இணைப்பில் எஞ்சின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், துவாரமுள்ள இடத்தை ஆயில் சற்றே அடைக்க, ஓட்டம் மாறுவது காதுக்குத் தெரியும். சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளித்துப் பார்க்கின்றனர். சூடான எஞ்சின்மேல் அது செய்யத் தகாத காரியம். இதற்கு மாறாக, மெதுவோட்டம் நன்றாயிருந்து ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது மட்டும் வண்டி சோர்ந்தால், பிரதான ஜெட்டிலோ, அதற்கு மேலுள்ள வழியிலோ பெட்ரோல் போதவில்லை என்று கொள்ள வேண்டும். சமவெளியில் குறைந்த பெட்ரோலே போதுமாகையால், பாதி அடைபட்ட குழாய் தேனிக்கும் கம்பத்திற்கும் இடையில் ஒரு குறையும் காட்டாது. போடிமெட்டு ஏற்றத்தில்தான் தன் குணத்தைக் காட்டும்.

மலையில் நிற்கும் வண்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. ஏனெனில் ஏமாறுவது அங்கேதான். பெரும்பாலோர் கூறும் வரலாறு ஒன்றுபோலவே இருக்கும். வண்டி காலையில் நன்றாகப் புறப்பட்டது; பாதி ஏற்றத்தில் இழுவை குறைந்து நின்றது; எவ்வளவு சுற்றியும் கிளம்பவில்லை; அரை மணி நேரம் காத்திருந்தபின் ஒன்றும் நடவாததுபோல் கிளம்பிவிட்டது. இந்த ஒரே வரலாற்றுக்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு. மூன்றும் காத்திருந்தால் தாமே தீரும். பட்டறைக்கு வண்டி வந்து சேர்கையில் மூன்றுமே மறைந்திருக்கும். ஆதலால் வண்டி நின்ற அந்த நிமிஷத்தில் பார்க்காவிட்டால், பிறகு எந்த மெக்கானிக்கும் ஊகத்தினால்தான் வேலை செய்ய வேண்டும்.

முதற் காரணம் டாங்கி மூடியின் துவாரம். பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே புகவேண்டும். அதற்காக மூடியில் ஒரு சிறு வழி இருக்கும். புழுதியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து அதை அடைத்துவிட்டாலும், தொலைந்த மூடிக்குப் பதிலாகத் துவாரமில்லாத வேறு மூடியைப் போட்டுவிட்டாலும், டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்பு இழுத்தாலும் பெட்ரோல் வராது. சற்று நேரம் நின்றால் இடுக்குகள் வழியே காற்றுக் கசிந்து புகுவதால் வண்டி மறுபடியும் ஓடும். வில்லிஸ் ஜீப்பில் டாங்கி ஓட்டுபவரின் ஆசனத்திற்கு அடியில் இருக்கின்றது. வண்டி நின்றவுடன் மூடியைத் தளர்த்த வேண்டும். காற்று உஸ்ஸென்று உள்ளே இழுக்கப்பட்டு, எஞ்சினைச் சில முறை சுற்றியதும் கிளம்பினால் நோய் தெரிந்தது. காற்று வெளியே வருமானால் அது வெயிலினால் டாங்கியில் உண்டான ஆவியே. அதை வெற்றிடமென்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது, குழாயில் ஆவி அடைப்பது. பெட்ரோலின் இலேசான பாகங்கள் 35, 40 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதிக்கத் தொடங்கும். மலையேற்றத்தில் எஞ்சின் தாழ்ந்த கியரில் வேகமாகச் சுழல்கின்றது. வண்டியோ மெதுவாக நகர்வதால் காற்றோட்டம் குறைவு. பம்பு எஞ்சினின் உடலோடு முடுக்கப்பட்டிருப்பதால் அதுவும் காய்கின்றது. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் எளிதில் ஆவியாகும். பம்பு திரவத்தைத் தள்ளுவதற்குச் செய்யப்பட்டது. ஆவி புகுந்தால் அது வெறுமே துடிக்குமேயன்றிப் பெட்ரோலை அனுப்பாது. மூடியைத் திறந்தும் வண்டி கிளம்பாமல், நனைத்த துணியைப் பம்பின்மேலும் குழாயின்மேலும் சுற்றிய சிறிது நேரத்தில் கிளம்பினால் ஆவியடைப்பு என்று நிச்சயிக்கலாம். குளிர்ந்த நீரை எஞ்சின்மேல் கொட்டக் கூடாது; காய்ந்த இரும்பு வெடித்தால் நஷ்டம் பெரிது. நிரந்தரமான பரிகாரம், குழாயைப் புகைக்குழாயின் அருகிலிருந்து விலக்கி அமைப்பதும், இடையில் ஒரு தகட்டை மறைப்பாக வைப்பதுமாம். கார்புரேட்டரை மாற்றுவதால் இதற்கு எள்ளளவும் பயனில்லை.

மூன்றாவது காரணம் பெட்ரோலே அன்று. காயிலோ கண்டென்ஸரோ சூட்டில் தளர்ந்து தீப்பொறி நின்றுபோவதும், ஆறினபின் திரும்புவதும் உண்டு. ஆகையால் நின்ற இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது தீப்பொறியே. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் உடல் எஞ்சினின் இரும்பைத் தொடும்படியும், பிளக் கழற்றிய துவாரத்திற்குத் தூரமாகவும் வைத்து, எஞ்சினைச் சுற்றினால் நீலப் பொறி பளிச்சென்று தாவ வேண்டும். இதை முதலில் செய்யச் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கின்றது. பெட்ரோல் குழாயைத் திறந்து சிந்தியபின் பொறி உண்டாக்குவது தீ விபத்துக்கு வழி. பொறி முதலில், பெட்ரோல் பிறகு என்ற வரிசையை மாற்றலாகாது.

பொறி சரியாயிருந்தால் எஞ்சினை ஆறவிட்டு, கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி அதன் முனையை ஒரு புட்டியில் விட வேண்டும். டிஸ்டிரிபியூட்டரின் நடு ஒயரை எடுத்துவிட்டு எஞ்சினைச் சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பெட்ரோல் வலுவாகப் பீறிட வேண்டும். பீறிட்டால் கடைமடை வரையில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போதுதான் கார்புரேட்டரைச் சந்தேகிக்க நியாயமுண்டு. சொட்டுச் சொட்டாக வந்தாலும், நுரையோடு வந்தாலும் மேலே நடக்க வேண்டும். நுரை என்பது பம்புக்கும் டாங்கிக்கும் நடுவில் காற்றுப் புகுவதைக் காட்டும். இப்பகுதியில் பெட்ரோல் உறிஞ்சப்படுகின்றதேயன்றித் தள்ளப்படுவதில்லை. ஆகையால் வெடித்த ரப்பர்க் குழாய் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமலே உள்ளே காற்றை இழுக்கும். கசிவு இல்லை, ஆதலால் குழாய் நன்று என்று முடிவு செய்பவர் பலர். அது தவறான முடிவு. வடிகட்டிக் கிண்ணத்தின் வளையம் நைந்திருந்தாலும் இதுவே நேரும்.

பம்பின் சவ்வு கிழிந்தால் அபாயம் வேறு விதமானது. பெட்ரோல் எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக உயர்ந்திருந்து, அளவுகோலில் பெட்ரோல் நாறினால் வண்டியை ஓட்டவே கூடாது. நீர்த்த ஆயிலால் பேரிங்குகள் தேய்ந்து, சில நூறு ரூபாய்ச் சவ்வுக்குப் போகவேண்டியது முழு எஞ்சினுக்கும் போய்விடும். சவ்வை மாற்றி, ஆயிலையும் மாற்றியே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

வழியில் நின்ற வண்டிக்குப் புட்டியினின்று பெட்ரோலைக் கார்புரேட்டரின் வாயில் ஊற்றிக் கிளப்பும் வழக்கமும், பெட்ரோல் டின்னை எஞ்சினுக்கு மேலே கட்டி ரப்பர்க் குழாய் வழியே இறக்கிக்கொண்டு ஓட்டும் வழக்கமும் கண்டிக்கத்தக்கவை. வறண்ட எஞ்சின் ஒரு முறை தும்மினால் ஊற்றுபவர் கையிலுள்ள புட்டியே பற்றிக்கொள்ளும். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நெருங்கி உட்கார்ந்திருக்கும் ஜீப்பில், ஒரு புறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமான பாதையில், இறங்கி ஓட இடமேது? அன்றைய கூலி போனாலும் போகட்டுமென்று வேறு வண்டியில் அவர்களை அனுப்பிவிடுவதே முறை.

கொழுப்பின் காரணங்கள் இவ்வளவு மறைவானவை அல்ல. ஊசி வாயிலில் ஒரு மணல் சிக்கினாலும் பெட்ரோல் நிற்காமல் வழியும். கிண்ணத்தை ஸ்க்ரூடிரைவரின் கட்டைப் பிடியால் மெல்லத் தட்டினாலே சில சமயம் நீங்கிவிடும். பித்தளை மிதவையில் ஓட்டை விழுந்தால் அதற்குள் பெட்ரோல் புகுந்து மூழ்கிவிடும். மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் சலசலப்புக் கேட்கும். அடுப்பிலிருந்து தூரமாகக் கொண்டுவந்த வெந்நீரில் அமிழ்த்தினால், ஓட்டையுள்ள இடத்தில் குமிழி எழும். ஈயம் வைத்து அடைப்பதானால் மிகச் சிறிதளவே வைக்க வேண்டும். எடை கூடின மிதவை தாழ்ந்து மிதந்து, பெட்ரோல் மட்டத்தை உயர்த்திவிடும். புழுதியடைந்த காற்று வடிகட்டியும் கலவையைக் கொழுக்கச் செய்யும்.

உயரமும் அவ்வாறே செய்கின்றது. போடிமெட்டு ஏறக்குறைய 4,500 அடி உயரத்தில் இருக்கின்றது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் நூற்றுக்கு 85 பங்கே. காற்று மெலிந்தாலும் ஜெட்டின் துளை மெலிவதில்லை. ஆகையால் கலவை சிறிது கொழுக்கும், இழுவையும் குறையும். இது நோயன்று. மலைமேல் வண்டி மந்தமாயிருக்கின்றதென்று அங்கேயே ஜெட்டைச் சிறிதாக்கிக்கொண்டு இறங்குபவர், பள்ளத்தாக்கின் வெயிலில் வறண்ட கலவையுடன் ஓடி வால்வுகளைக் கருக்கிக்கொள்வர். வண்டி எங்கே அதிகம் ஓடுகின்றதோ அங்கேதான் அதைச் சீர்படுத்த வேண்டும்.

ஜெட்டைச் சுத்தம் செய்யும்போது கம்பியையோ ஊசியையோ உள்ளே நுழைக்கலாகாது. சோலெக்ஸ் வகையில் ஜெட்டின்மேல் பொறித்திருக்கும் எண் துளையின் அளவை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகக் குறிக்கின்றது. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். அத்தனை நுண்ணிய கணக்கைக் கம்பி ஒரே கீறலில் கெடுத்துவிடும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்தாலே போதும்.

இனி, முற்காலத்து மெக்கானிக்குகள் அறியாத விஷயமொன்று. பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயம் கலப்பது படிப்படியாக உயர்ந்து, 2025இல் நூற்றுக்கு 20 என்ற அளவை நாட்டில் எட்டியது. பழைய வண்டிக்கு இது பல வகையில் சோதனையாகும். சாராயத்திற்கு வேண்டிய காற்று எடைக் கணக்கில் 9 பங்குதான். ஆகையால் கலப்புப் பெட்ரோலுக்குப் பதின்மூன்றரைப் பங்கு காற்றே போதும். பழைய ஜெட்டோ முன்போலவே அளந்து விடுவதால் கலவை சற்று வறள்கின்றது. மலையின் உயரம் கொழுக்கச் செய்வதும் இது வறளச் செய்வதும் மேட்டில் ஓரளவு ஈடாகிவிடும் என்பது ஒரு வேடிக்கை. கீழே ஈடு செய்ய ஒன்றுமில்லை. ஆகவே முன்பு சரியாயிருந்த வண்டி இப்போது சமவெளியில் தும்மினால், அடைப்பில்லை என்று கண்டபின், ஒரு படி பெரிய ஜெட் போடுவது நியாயமே.

இதனினும் முக்கியமானது சாராயம் பொருள்களைத் தாக்குவது. டாங்கியில் பல வருஷங்களாக ஒட்டியிருந்த பிசினை அது இளக்கி விடுகின்றது. அது வடிகட்டியிலும் ஜெட்டிலும் வந்து அடைக்கும். புதுப் பெட்ரோலுக்கு மாறிய தொடக்கத்தில் வடிகட்டியை அடிக்கடி பார்க்க வேண்டும். பழைய ரப்பர்க் குழாயும் பம்பின் சவ்வும் ஊதி இளகும். எத்தனால் தாங்கும் ரப்பரால் செய்தவற்றையே கேட்டு வாங்க வேண்டும். மிகப் பழைய கார்புரேட்டர்களில் அரக்குப் பூசிய தக்கை மிதவைகள் உண்டு. அரக்கு சாராயத்தில் கரையும் என்பது மரவேலை செய்வோர் அனைவரும் அறிந்ததே. அன்றியும் சாராயம் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் நீரும் சாராயமும் பெட்ரோலினின்று பிரிந்து டாங்கியின் அடியில் படியும். குழாய் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். ஒரு கண்ணாடிப் புட்டியில் டாங்கியின் அடிப்பெட்ரோலைப் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், இரண்டு அடுக்காகத் தெரிவதைக் கொண்டு இதனை அறியலாம். அப்பெட்ரோலை முழுதும் வடித்துவிட வேண்டும். மேலே புதிதாக ஊற்றுவதால் அது சரியாகாது.

சவ்வு, எத்தனால் தாங்கும் குழாய், பாக்கிங், ஊசி வால்வு ஆகியவை பழைய வண்டிகளுக்கு உடனே கிடைப்பதில்லை. ஒரே சங்கத்தில் இவ்வகை வண்டியுள்ள அங்கத்தினர் நாலைந்து பேர் இருந்தால், சேர்ந்து ஒரு தொகுதி வாங்கி வைத்துக்கொள்வது தனித்தனியே மதுரைக்கு ஓடுவதைவிடச் சிக்கனம். வண்டிக்குள் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். வண்டி எந்த வளைவில், எந்த மணிக்கு நின்றது, பொறி இருந்ததா, மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே போயிற்றா வெளியே வந்ததா, ஈரத்துணிக்குப் பயன் இருந்ததா, எத்தனை நிமிஷத்தில் கிளம்பிற்று என்று எழுதி வைத்தால், மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஏலக்காய் எடுப்பு ஓய்ந்து, வண்டி சில மாதம் கொட்டகையில் நிற்பதானால், டாங்கியையும் கார்புரேட்டர்க் கிண்ணத்தையும் வடித்து வைக்க வேண்டும். கிண்ணத்தில் விட்ட பெட்ரோல் ஆவியாகி, அடியில் பசைபோன்ற பிசின் நின்று, மறுபடியும் கிளப்பும் நாளில் முதலில் மெதுவோட்ட ஜெட்டை அடைக்கும். அன்று வண்டி சோக்கோடு மட்டும் ஓடி, சோக்கைத் தள்ளியதும் அணைந்தால், தேட வேண்டிய முதல் இடம் அந்த ஜெட்டே.